பழசுங்களா, புதுசுங்களா?

காங்கேயத்தில் அரிசிக் கடைக்குப் போய் ரகத்தின் பெயரைச் சொன்ன கையோடு கடைக்காரரிடமிருந்து ஒரு கேள்வி வரும்: "புதுசு போடறதுங்களா, பழசு போடறதுங்களா?" இரண்டும் ஒரே பொன்னி, ஒரே ஆலை, ஒரே சார்டெக்ஸ் இயந்திரத்தில் நிறம் பிரித்த அரிசி. ஆனாலும் பழசுக்குக் கிலோவுக்குச் சில ரூபாய் சேர்த்துத்தான் கேட்பார். காய்கறிக் கடையில் நேற்றைய கத்தரிக்காயை இன்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரிசிக்கு மட்டும் வயது ஏற ஏற விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் ஓரிடத்தில் நின்று இறங்கவும் செய்யும். அது எந்த இடம், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

வயதுக்கு விலை வைப்பதில் உலகப் பேர் பெற்றவர்கள் ஒயின்காரர்கள். வடக்கு ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. சிவப்பு ஒயின் புட்டியில் 'ரிசர்வா' என்று அச்சிட மூன்று ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில். 'கிரான் ரிசர்வா' என்றால் ஐந்து ஆண்டு, பீப்பாயில் குறைந்தது இரண்டு. அதற்குப் பிறகும் வாங்கியவர் வீட்டு நிலவறையில் பத்து, இருபது ஆண்டு கிடக்கலாம். சுவைப்பவர் கோப்பையை வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்து விளிம்பைப் பார்ப்பார். ஊதா தெரிந்தால் இளசு. செங்கல் நிறம் வந்திருந்தால் முதிர்ந்திருக்கிறது. பழுப்பு மேலோங்கியிருந்தால் காலம் கடந்திருக்கலாம். இதில் ஒரு சங்கடம், திறந்தால்தான் தெரியும். திறந்துவிட்டால் அந்தப் புட்டியின் கதை அன்றோடு முடிந்தது. ஆகவே வசதியுள்ளவர்கள் ஒரே ஒயினில் ஒரு பெட்டி வாங்கிவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒன்றாகத் திறந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

அரிசி வியாபாரிக்கு இந்தத் தலைவலி கிடையாது. சாக்கில் குத்தூசியைச் செருகி இழுத்தால் அதன் குழிவில் கொஞ்சம் அரிசி வந்துவிடும். ஓட்டையை விரலால் தேய்த்துவிட்டால் சணல் இழை மூடிக்கொள்ளும். (சாக்கு இப்போது அருகிவிட்டது, எங்கும் பிளாஸ்டிக் சிப்பம்தான். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான முத்திரையிட்ட பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் தமிழ்நாட்டுச் சந்தையில் 26 கிலோ சிப்பம் பிறந்தது. இதில் அறிவியலுக்கு வேலை இல்லை, கணக்குப்பிள்ளைக்கு உண்டு.) எடுத்த அரிசியை உள்ளங்கையில் பரப்பி, வாய்க்காற்றை மெல்ல ஊதி, முகர்ந்து பார்ப்பார்கள். நிறம் பார்ப்பார்கள், நாள் பட்ட அரிசியின் வெள்ளையில் லேசாக மஞ்சள் படர்ந்திருக்கும். நாலைந்து மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள். புதுசு பல்லுக்குச் சற்று இடம் கொடுத்து நசுங்கும். பழசு 'டக்'கென்று உடையும்.

பல்லும் மூக்கும் சொல்வது பாதிதான். மீதியை உலை சொல்லும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே ரகத்தில் புதுசும் பழசும் ஒவ்வொரு டம்ளர் எடுத்து, ஒரே மாதிரி இரண்டு பாத்திரத்தில், தாராளமாகத் தண்ணீர் வைத்துக் கொதிக்க விடுங்கள். புது அரிசியின் தண்ணீர் சீக்கிரமே பாலாகும், நுரை கட்டும், மூடியைத் தள்ளிக்கொண்டு அடுப்பில் வழியும். பழசின் தண்ணீர் வெகுநேரம் தெளிவாகவே இருக்கும். அவ்வப்போது ஒரு மணியை எடுத்து இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும்வரை வேகவில்லை என்று பொருள். பழசில் அந்தப் பொட்டு மறையக் கூடுதல் நேரம் பிடிக்கும். வடித்ததும், புதுசின் பருக்கை பக்கவாட்டில் வெடித்து ஓரங்கள் கரைந்திருக்கும். பழசின் பருக்கை உருக்குலையாமல் நீண்டிருக்கும். கஞ்சியை ஆறவிட்டால் புதுசினுடையது கூழாக உறையும், பழசினுடையது நீர்த்தே கிடக்கும். கிண்ணத்தில் அளந்தால் பழைய அரிசிச் சோறுதான் அதிகம்.

கல்யாணச் சமையல்காரர்கள் பழசுக்கு அடம் பிடிப்பது இதனால்தான். பெரிய அண்டாவில் புது அரிசியைப் போட்டால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் பாரத்தில் களியாகிவிடும். பந்தி மூன்று நடந்தாலும் சோறு உதிர் உதிராக நிற்க வேண்டும். "பழசுதானுங் கட்டும்" என்பார்கள், அதாவது ஒரு சிப்பத்துக்கு இன்னும் சில இலை சேர்த்துப் போடலாம். கட்டுவது உண்மைதான். ஆனால் கூடியது தண்ணீர். சத்து அதே சிப்பத்துக்கு உள்ளதே. வாடகைப் பாத்திரக் கணக்கில் இது லாபம், வயிற்றுக் கணக்கில் சரிக்குச் சரி.

காங்கேயம் நெல் விளைவதற்குப் பேர்போன ஊர் அல்ல. மழைமறைவு நிலம். கொறங்காட்டு மேய்ச்சலும் கிளுவை வேலியும் மாடுகளுமாக இருந்த பூமி. நெல், கீழ்பவானி, காலிங்கராயன் பாசனப் பக்கமிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியேறி வருகிறது. இங்கே விளைவது வெயிலும் காய்ந்த காற்றும். தேங்காய்ப் பருப்புக்கும் நெல்லுக்கும் உலர்களம் போட இதைவிட வாய்ப்பான இடம் கொங்கில் குறைவு. அறுத்த நெல்லில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஈரம் இருக்கும். அதைப் பதினான்குக்குக் கொண்டுவந்தால்தான் பூஞ்சை பிடிக்காமல் வைத்திருக்க முடியும். வைத்திருக்க முடிந்தால்தானே பழசு என்ற பேச்சு.

அதனால்தான் பலரும் பழைய அரிசி என்றால் நன்றாகக் காய்ந்த அரிசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் புது அரிசியை இரண்டு நாள் சித்திரை வெயிலில் போட்டால் பழசாகிவிட வேண்டுமே? ஆகாது. மணி கீறல் விட்டுக் குருணையாகும், வடித்தால் முன்னைவிட மோசமாகக் குழையும். காய்வது வேறு, பழுப்பது வேறு.

மைசூரில் 1950-இல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தக் கேள்வியை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியனும் தேசிகாச்சாரும் 1950களின் பிற்பகுதியில் புது அரிசியும் பழைய அரிசியும் வேகும்போது எப்படி விரிகின்றன என்று அளந்து எழுதினார்கள். பிறகு அங்கேயே கே.ஆர். பட்டாச்சார்யாவின் குழு, அரிசியைச் சேமித்துவைத்து அதன் குணங்கள் மாறுவதைத் தொடர்ந்து அளந்து 1978-இல் வெளியிட்டது. தென்னிந்திய அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அளவுகோலுக்குள் கொண்டுவந்த வேலை இது.

தீட்டிய அரிசியில் ஈரத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்கு ஸ்டார்ச். புரதம் ஏழெட்டு சதவீதம். கொழுப்பு ஒரு சதவீதத்தை ஒட்டி. ஓராண்டு வைத்திருந்து மறுபடி அளந்தாலும் இந்தக் கணக்கு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும். பிறகு குணம் மட்டும் எப்படி மாறுகிறது? பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதம் மாறுவதால்.

மணிக்குள் ஸ்டார்ச் நுண்துகள்களாக நெருக்கியடித்துக் கிடக்கிறது. ஒரு துகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று முதல் எட்டுப் பங்கு இருக்கும், தானியங்களிலேயே மிகச் சிறிய வகை. துகள்களின் இடுக்கெல்லாம் புரதம். அந்தப் புரதத்தில் பெரும்பகுதி குளூட்டெலின். அதில் கந்தகம் தாங்கிய முனைகள் உண்டு. ஆக்சிஜன் மெல்ல உள்ளே ஊற, பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. மாதங்கள் செல்லச் செல்ல ஸ்டார்ச்சைச் சுற்றி வலை இறுகுகிறது. உலையில் போட்டதும் துகள் தண்ணீரைக் குடித்து உப்பும், ஆனால் வலை அதை வெடித்துச் சிதற விடாது. தண்ணீர் உள்ளே தங்கும், ஸ்டார்ச் வெளியே ஓடாது. சோறு அதிகமாவதும் கஞ்சி நீர்த்துப்போவதும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

கொழுப்பு கொஞ்சம்தான், ஆனால் அது பார்க்கும் வேலை அதிகம். லைபேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது. ஸ்டார்ச்சில் கிளையில்லாத சங்கிலியான அமைலோஸ், திருகுச் சுருளாக இருக்கும். விடுபட்ட கொழுப்பு அமிலம் அந்தச் சுருளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால் அமைலோஸ் கரைந்து வெளியேறுவது நின்றுபோகும். மணிக்குள் இருக்கும் செல் சுவர்களும் இந்தக் காலத்தில் வலுப்படுகின்றன. இதில் எது முதன்மையானது என்று ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. நான் புரதத்தின் பக்கம். அதற்குக் காரணம் ஒரு சோதனை: கந்தகப் பிணைப்பை அறுக்கும் வேதிப்பொருளைச் சேர்த்த நீரில் பழைய அரிசியை வேகவைத்தால், அது திரும்பவும் புது அரிசிபோலக் குழைய ஆரம்பிக்கிறது.

பீப்பாயிலும் புட்டியிலும் ஒயினுக்கு நடப்பது இதற்கு ஒன்றுவிட்ட உறவு. திராட்சைத் தோலின் டானின்களும் நிறமிகளும் சிறுகச் சிறுக ஆக்சிஜனை ஏற்று ஒன்றோடொன்று கோத்துப் பெரிதாகின்றன. நாக்கைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு தணிகிறது, ஊதா செங்கல்லாகிறது, ரொம்பப் பெரிதானவை மண்டியாக அடியில் படிகின்றன. ஒயினில் பிணைப்பு மென்மையைக் கொடுக்கிறது, அரிசியில் விறைப்பைக் கொடுக்கிறது.

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு வருவோம். பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அரிசியின் தரத்தை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஹூலியானோ போன்றோர் சொல்வது, அறுவடைக்குப் பின் முதல் மூன்று நான்கு மாதங்களிலேயே பெரும்பகுதி மாற்றம் நடந்துவிடும் என்பது. அதன்பிறகு வேகம் குறைந்துவிடும். ஆகவே "ஆறு மாசம் தாண்டுனதுங்" என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொன்னியில் இரண்டு வருடப் பழசு என்று சொல்லி இன்னும் விலை ஏற்றினால் அது வெறும் வியாபாரம்.

ஆனால் மாதக் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. இந்த வேதிவினைகளின் கடிகாரம் வெப்பத்தில் ஓடுகிறது. பத்து டிகிரி ஏறினால் வேகம் சுமார் இரண்டு மடங்கு என்பது வேதியியலில் பொதுவான கைக்கணக்கு. ஜப்பானில் அரசின் அவசரக் கையிருப்பு அரிசியை 15 டிகிரிக்குக் கீழே குளிரூட்டிய கிடங்கில் வைக்கிறார்கள். காங்கேயத்துத் தகரக் கூரைக் கிடங்கு கோடையில் 40 டிகிரியை எட்டும். அங்கே மூன்று ஆண்டு கிடந்ததும் இங்கே ஓர் ஆண்டு கிடந்ததும் வயதில் ஒன்றல்ல, இங்கே கிடந்ததுதான் கிழமாக இருக்க வாய்ப்பு அதிகம். சிப்பத்தின் மேல் அச்சிட்ட தேதியும் பெரும்பாலும் பை கட்டிய தேதிதான். அதற்கு முன் நெல்லாக எத்தனை நாள், எந்த வெக்கையில் கிடந்தது என்பதை அது சொல்லாது. உலைச் சோதனை சொல்லும்.

ஜப்பானியர்களுக்கு நம் அடம் தலைகீழ். இலையுதிர்காலத்தில் வரும் புது அரிசிதான் அவர்களுக்கு உயர்வு. பளபளவென்று, குச்சியால் எடுத்தால் திரண்டு வர வேண்டும். 2025-இல் அங்கே அரிசி விலை ஏறிப்போய், அரசு கையிருப்பைத் திறந்துவிட்டது. அப்போதைய வேளாண் அமைச்சர் கொய்சுமி 2022, 2021 அறுவடை அரிசியை 5 கிலோ 2,000 யென் அளவில் கடைகளுக்கு அனுப்பினார். விடியற்காலையிலேயே வரிசை நின்றது, கூடவே 'பழசு' என்ற முணுமுணுப்பும். நம் ஊர்க் கடையாக இருந்தால் அதே அரிசிக்கு இரண்டு ரூபாய் ஏற்றியிருப்பார்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நீராவியால் பழசாக்குவது. அப்போதே அறுத்த நெல்லைச் சிறிது நேரம் ஆவியில் காட்டி எடுத்தால், புது அரிசியின் குழைவு குறைந்து பழசுபோல நிற்கிறது என்பதை மைசூர்க்காரர்கள் அந்தக் காலத்திலேயே காட்டினார்கள். இன்று கடையில் 'ஸ்டீம் ரைஸ்' என்று வருவது அந்த வழியில் வந்ததுதான். முழுதாக அவித்த புழுங்கலும் அல்ல, பச்சரிசியும் அல்ல. சோறு உதிரியாக வரும். ஆனால் காலத்தில் பழுத்த அரிசியின் வாய்ச்சுவை அதில் இருக்கிறதா என்றால், எனக்கு இல்லை. நீராவி மேற்பரப்பில் ஸ்டார்ச்சைப் பசையாக்கி இறுக்குகிறது. மணி முழுக்க மாதக்கணக்கில் இழையிழையாக நடப்பது வேறு. ஓட்டலுக்கு ஸ்டீம் போதும்.

இனி இறங்குமுகம். கொழுப்பு அமிலத்தில் ஒரு பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்து ஹெக்ஸனால் என்ற ஆவியாகும் பொருளைத் தருகிறது. மிகக் குறைந்த அளவில் அது வெட்டிய புல்லின் வாசம். கூடினால் சோற்றுப்பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் மக்கல் வாடை. தேங்காய் எண்ணெய்த் தொழிலில் ஊறிய காங்கேயத்துக்காரருக்குக் காறலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அரிசியிலும் எண்ணெய் கெடுவதுதான் நடக்கிறது. தவிடு முழுதாகப் போகாத அரிசியில் இது முந்திக்கொள்ளும். கைக்குத்தல் அரிசியைப் பழசாக்கிச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புழுங்கலில் கதை சற்றே வேறு. அவிக்கும்போது லைபேஸ் செத்துவிடுகிறது, அது நல்லது. கூடவே எண்ணெயைக் காக்கும் இயற்கைப் பொருள்களும் சிதைகின்றன, அது கெடுதல். அதனால் தீட்டிய புழுங்கல் அரிசியை நெடுநாள் வைத்தால் வாடை பிடிக்கிறது. பழசாக்க வேண்டுமானால் நெல்லாக வைக்க வேண்டும். உமி இருக்கும்வரை மணி பத்திரம். நம் தாத்தாக்கள் குதிரில் நெல்லைக் கொட்டிவைத்து, வேண்டும்போது குத்தி எடுத்ததில் இந்தக் கணக்கு இருந்தது.

எல்லை தாண்டியதா என்று ஆய்வகத்தில் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். குவாயக்கால் கரைசலும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றினால், உயிர்ப்புள்ள நொதி மிச்சமிருக்கும் புது அரிசி செம்பழுப்பாகும். கிழட்டு அரிசி வெள்ளையாகவே கிடக்கும். புழுங்கலுக்கு இது உதவாது, அவித்தபோதே நொதி போய்விட்டது. பூச்சி எத்தனை தலைமுறை குடியிருந்தது என்பதற்கும் ஒரு தடயம் இருக்கிறது. வண்டும் அந்தும் விட்டுச்செல்லும் யூரிக் அமிலம். தானியத்தில் அது கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. புடைத்துப் பூச்சியை நீக்கிவிடலாம், யூரிக் அமிலத்தைப் புடைக்க முடியாது.

எந்தச் சோற்றுக்கு என்று சொல்லாமல் எந்த வயது என்று சொல்ல முடியாது. தைப் பொங்கலுக்குப் புத்தரிசி போடுவது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஸ்டார்ச்சைத் தாராளமாக வெளியே விடும் அரிசிதான் கஞ்சியைக் கெட்டியாக்கி நுரையைப் பிடித்து நிறுத்தும், பானை பொங்கும், வெல்லத்தோடு குழைந்து சேரும். இரண்டு வருடப் பழசில் பொங்கல் வைத்தால் பருக்கை தனி, பாகு தனி. நம் அரிசிம்பருப்புச் சோற்றுக்கு நடு வயது போதும். அதில் கவனிக்க வேண்டியது தண்ணீர். புது அரிசி மூட்டை பிரித்த அன்று வழக்கமாக ஊற்றும் அளவில் கொஞ்சம் குறைத்தும், பழசானால் அரை டம்ளர் சேர்த்தும் ஊற்றிக்கொள்ள வேண்டும். குக்கருக்கு அரிசியின் வயது தெரியாது.

சிக்கல் சீரகச் சம்பாவில்தான். அதன் வாசனையில் பெரும்பங்கு 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற மூலக்கூறினுடையது. அமெரிக்காவில் பட்டரியும் அவருடைய கூட்டாளிகளும் 1982-இல் மணமுள்ள அரிசிச் சோற்றில் அடையாளம் கண்டது. ரம்பை இலையிலும் இதே பொருள்தான். இது நாள்பட நாள்பட ஆவியாகிக் குறையும். பிரியாணி மாஸ்டருக்கோ இரண்டும் வேண்டும்: தம்மில் உடையாத பருக்கையும் வேண்டும், மூடியைத் திறந்ததும் வாசமும் வேண்டும். முதலாவது வயதோடு ஏறுகிறது, இரண்டாவது வயதோடு இறங்குகிறது. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் எங்கே என்பது கிடங்கின் வெப்பத்தைப் பொறுத்தது. நெல்லாகவே வைத்து, நிழலான இடத்தில் ஆறேழு மாதம் விட்டு, வேண்டியபோது மட்டும் அரைத்துக்கொள்வது நல்ல சமரசம். வாசம் முழுவதும் வேண்டுமென்பவர் புதுசாகவே வாங்கி, தண்ணீரைக் குறைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்துத் தம் போடட்டும். சமையல் கைப்பக்குவத்தால் விறைப்பை ஓரளவு ஈடுகட்டலாம். போன வாசத்தைத் திரும்பக் கொண்டுவர எந்த மாஸ்டரிடமும் வழி இல்லை.